புதருக்குள் ஒரு மாமனார்

அந்தப் பறவைக்கு மாமனார் என்று பெயர் வைத்ததில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எங்கள் மாமனார் அறையை விட்டு வெளியே வருவது அபூர்வம். கதவுக்குப் பின்னாலிருந்து நாக்கைத் தட்டி இரண்டு ‘ச்சு’, அப்புறம் தொண்டையை ஒரு செருமல், அவ்வளவுதான் வரும். அவருக்குக் காப்பி வேண்டுமா, பேப்பர் வேண்டுமா, இல்லை நாங்கள் சத்தமாகச் சிரித்துவிட்டோமா என்பதை அதிலிருந்தே நாங்கள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஏரிக்கரைப் பறவைக் காப்பகத்தில், முள்ளும் கொடியும் பின்னிக் கிடந்த ஒரு புதருக்குள்ளிருந்து அதே இரண்டு ‘ச்சு’வும் அதே செருமலும் வந்தபோது அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். அதற்கப்புறம் வேறு என்ன பெயர் வைப்பது?

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. இரண்டு ஓரகத்திகள் ஒட்டிக்கொண்டு திரிந்தால் வீட்டு ஆண்களுக்கு வயிற்றைக் கலக்கும். எங்களை ஒட்டவைத்தது பறவைகள்தான். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு முன்னால் லென்ஸைப் போட்டுப் போட்டுக் கழற்றி, ‘இப்ப தெளிவா தெரியுதா, இது தெளிவா தெரியுதா’ என்று கேட்கிற வேலை. நான் பல்செட் செய்யும் கூடத்தில் இருக்கிறேன். மெழுகு, அச்சு வார்க்கும் ஜிப்சம் பொடி, சின்னச் சின்ன அரங்கள், ஜன்னலோரத்தில் வரிசையாக மாட்டிய மாதிரிப் பற்கள். வெள்ளை என்று நீங்கள் நினைப்பதில் பதினாறு வெள்ளை இருக்கிறது, எனக்குத் தெரியும். அவள் கூர்மையைப் பார்ப்பாள், நான் நிறத்தைப் பார்ப்பேன். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

விடுமுறை நாள் விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். உப்பளம், சதுப்பு நிலம், தாவரத் தோட்டம், ஏரிக்கரை என்று பஸ் போகிற இடமெல்லாம் போனோம். அக்கா ஒரு மடக்கு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். எனக்குப் பொறுமை கிடையாது. பறவை எங்கே போகிறதோ அங்கே நானும் ஓடுவேன். நான் துரத்திவிட்ட பறவை நேராகப் போய் அவள் முன்னால் உட்காரும். அவள் ஆற அமர அதைப் படமெடுத்துவிட்டு, ரொம்ப உதவி என்று எனக்கு நன்றி சொல்வாள். அந்த நன்றிக்காகவே அவளை ஏரியில் தள்ளலாம் என்று தோன்றும்.

மாமனார் மட்டும் இருவருக்குமே அகப்படவில்லை. குரல் இங்கே கேட்கும், இலை அங்கே அசையும், ஆள் இருக்க மாட்டார். பழுப்பா, சாம்பலா, நீண்ட வாலா, குட்டை வாலா, எதுவும் தெரியாது. காப்பகத்துக்காரர்களிடம் கேட்டால், அப்படி ஒரு குரலை அவர்களும் கேட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்பார்கள். அக்கா வீட்டுக்கு வந்ததும், ‘இன்னிக்கு மாமனார் பேசினாரா’ என்று நான் கேட்பேன், ‘ரெண்டு தடவை செருமினாரு’ என்று அக்கா சொல்வாள். உள்ளே அசல் மாமனார் உட்கார்ந்திருப்பார். பாவம், மருமகள்களுக்குத் தன்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

இதெல்லாம் மழைக்காலத்துக்கு முந்தைய கதை. மழைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

தாவரத் தோட்டத்தில் பெரணிச் செடிகளுக்கென்று ஒரு நிழல்குடில் உண்டு. அங்கே தொங்கிய ஒரு பெரணித் தொட்டிக்குள் கட்டைவிரல் அளவு குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. தோட்டக்காரர்தான் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிட்டோம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அக்கா சொன்னாள், நானும் சொன்னேன். அடுத்த வாரம் போனால் குடிலுக்குள் ஒரே கூட்டம். ஆளுக்கொரு நீள லென்ஸ். கூடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று யாரோ பெரணி இலைகளை ஒடித்து எறிந்திருந்தார்கள். கூடு வெயிலில் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தாய்க்குருவியையும் காணோம்.

யார் சொன்னது? அக்காவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேமராவும் கையுமாக அலைகிறவர்கள். கண்ணாடி மாட்டிப் பார்க்கிற நேரத்தில் பெருமைக்கு ஒரு வார்த்தை விட்டிருப்பாள் என்று நான் முடிவு கட்டினேன். எங்கள் கூடத்துக்கு வருகிற பல் டாக்டர்களுக்கும் அந்தக் கிறுக்கு உண்டு, நான்தான் உளறியிருப்பேன் என்று அவள் முடிவு கட்டியது அவள் முகத்திலேயே தெரிந்தது. யாராவது ஒருத்தி வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ் காலியாக இருந்தது. அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள், நான் கடைசி இருக்கைக்குப் போனேன். அப்படி ஆரம்பித்ததுதான். அதன்பிறகு ஒரு வீட்டு விசேஷம் என்றாலும், ‘உங்க அண்ணிகிட்ட அந்தத் தட்டைத் தரச் சொல்லுங்க’ என்று என் கணவரிடம் நான் சொல்வேன். தட்டு அவள் கையிலிருந்து அவர் கைக்கு வந்து என் கைக்கு வரும். தான் ஒரு மேஜை ஆகிவிட்டதாக அவர் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் கணவருக்கு வேலை மாற்றல் வந்தது. ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டிய ஊர். மாமனாரையும் அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளம்புகிறார்கள். அக்கா வீட்டில் பெட்டிகள் கட்டியாகிவிட்டது, சுவரில் ஆணிகள் மட்டும் நிற்கின்றன என்று என் கணவர் வந்து சொன்னார். போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா என்றார். நான் ஏன் போக வேண்டும், அவள் வரட்டும் என்றேன். ‘ரெண்டு பேரும் இப்படியே முறுக்கிக்கிட்டு நில்லுங்க, ரயில் யாருக்காகவும் நிக்காது’ என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் பயம். அவள் இப்படியே போய்விட்டால் அப்புறம் எந்த முகத்தோடு கடிதம் போடுவது, எந்த முகத்தோடு போன் செய்வது? ஆனால் என் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். போய்ப் பேசலாம் என்று தோன்றுவதற்குப் பதிலாக, அவள் கிளம்புவதற்குள் புதர் மாமனாரைப் படமெடுத்து அவள் கண்ணில் படும்படி வைத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை விடிந்ததும் காப்பகத்தில் இருந்தேன். வாசலிலேயே பலகை இருக்கிறது, பறவைக் குரல்களைப் பதிவிலிருந்து ஒலிக்கவிடக் கூடாது என்று. அது சரியான விதிதான். குரலைக் கேட்டால் பறவை தன் இடத்துக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, தீனியை விட்டுவிட்டு, முட்டையை விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடிவரும். அப்படிக் கூப்பிட்டுப் படமெடுக்கிறவர்களை நானும் அக்காவும் சேர்ந்து எவ்வளவு திட்டியிருக்கிறோம். அந்தப் பலகையைத் தாண்டிப் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, புதருக்கு முன்னால் உட்கார்ந்து என் போனில் பதிவாகியிருந்த மாமனாரின் குரலை ஒலிக்கவிட்டேன். ச்சு, ச்சு, ஒரு செருமல்.

முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை, புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

கேமராவைத் தூக்கிக்கொண்டேன். மறுபடியும் விட்டேன், மறுபடியும் பதில். இத்தனை காலம் எங்களை ஏய்த்தவர் இன்று வாய்க்கு வாய் பேசுகிறார். ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கு வேறொரு ஆர்வம் வந்துவிட்டது. மாமனார் நகரவே இல்லை. சண்டைக்கு வரும் பறவை இப்படி ஒரே இடத்தில் நிற்காது, கிளைக்குக் கிளை தாவும். இது உட்கார்ந்த இடத்திலிருந்து பேசியது. நான் சத்தத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது. நான் நிறுத்தினால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவே கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் அந்தச் செருமலின் முடிவில் ஒரே மாதிரி ஒரு சின்ன வழுக்கல். மாதிரிப் பல்லுக்குப் பக்கத்தில் பல்லை வைத்துப் பார்க்கிற எனக்கு அது உறுத்தியது. உயிருள்ள எதுவும் இரண்டு தடவை ஒரே மாதிரி இருக்காது. ஒரு வாயிலேயே இரண்டு பல் ஒரே நிறமாக இருந்தால் அது நாங்கள் செய்த பல்.

என்னதான் அது என்று பார்த்துவிடுவோம் என்று போனைத் தொடர்ந்து ஒலிக்கும்படி ஒரு கட்டைமேல் வைத்துவிட்டு, புதரைச் சுற்றிக்கொண்டு குனிந்தபடியே போனேன். முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. பாதி வழியில் பறவை தும்மியது.

நின்றுவிட்டேன். பறவை தும்முமா? புழுதி பட்டால் தும்மலாம், யார் கண்டது. என் போன் கூப்பிட்டது. அங்கிருந்து ச்சு, ச்சு, செருமல், பின்னாலேயே அதே தும்மல். உயிருள்ள எதுவும் இவ்வளவு ஒழுங்காகத் தும்மாது. மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குத் தெரிந்துவிட்டது. தூரத்தில் சின்ன வழுக்கலாகக் கேட்டது அக்காவின் தும்மல். அந்தக் குரலை முதன்முதலில் பதிவு செய்தது அவள்தான். பதிவு முடிகிற நேரத்தில் அடக்க முடியாமல் தும்மிவிட்டாள், அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தோம். எனக்கு அனுப்பியதில் தும்மலை நான் வெட்டி எடுத்துவிட்டேன். அவள் அப்படியே வைத்திருக்கிறாள்.

ஆக, விடிந்ததிலிருந்து நான் வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்தது என் ஓரகத்தியோடு. புதருக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்துகொண்டு, மாமனார் அகப்பட்டுவிட்டார் என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். முதலில் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது. ஊருக்குப் போவதற்கு முன்னால் என்னை முந்திக்கொண்டு படமெடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கும் இருந்திருக்கிறது. பலகையைத் தாண்டி வந்துதானே பதிவை ஒலிக்கவிடுகிறாள், நல்லவள் மாதிரி எத்தனை பேரைத் திட்டினாள் என்று மனதுக்குள் பொரிந்தேன். நானும் அதையேதான் செய்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, கத்தவும் முடியாமல் நின்றேன்.

கொடி விலகிய ஒரு சந்து வழியாக அவளைப் பார்த்தேன். எனக்கு முதுகு காட்டிக்கொண்டு மடக்கு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் போன் கூப்பிடும் திசையிலேயே கேமராவை நீட்டிப் பிடித்திருந்தாள். கழுத்து இளைத்திருந்தது. முக்காலிக்குப் பின்னால் தரையில் அவள் பை. அவள் போன் அதற்குள்ளிருந்துதான் செருமிக்கொண்டிருந்தது.

பைக்குப் பக்கத்தில் ஒரு சருகு புரண்டது. சருகுக்குப் பின்னாலிருந்து மாமனார் வெளியே வந்தார்.

மாமனாரேதான். தரையோடு தரையாக நடந்து வந்தார், பறக்கவில்லை. பைக்குள்ளிருந்து செருமல் வந்ததும் உடம்பு முழுக்கச் சிலிர்த்து இரண்டு மடங்கு ஆனார். தொண்டை துடிக்க அவரும் திருப்பிச் செருமினார். இரண்டு போன்களின் சத்தத்துக்கு நடுவில் அக்காவுக்கு அது தனியாகத் தெரியவில்லை. காலை வெயில் சரியாக அவர்மேல் விழுந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு இலைகூட இல்லை. கேமரா ஏற்கெனவே என் கண்ணில் இருந்தது. விரல் பொத்தான்மேல் இருந்தது.

அழுத்தியிருக்கலாம். அழுத்தினால் என் கேமரா போடுகிற சத்தத்துக்கு அக்கா திரும்புவாள், அவள் திரும்பினால் அவர் பறந்துவிடுவார். எனக்குப் படம் கிடைக்கும், அவள் மாமனாரைப் பார்க்காமலே ரயிலேறுவாள். பேசாமல் இருந்தாலும் அதே கதைதான். அவர் பையைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார், அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. அந்த இளைத்த கழுத்தைப் பார்த்துக்கொண்டே அதை எப்படிச் செய்வது?

“அக்கா, திரும்பாதீங்க” என்றேன். கொசு முனகுகிற அளவுக்குத்தான் சத்தம். அவள் தோள் ஒரு தடவை உயர்ந்து அப்படியே நின்றது.

“மாமனாரு வந்திருக்காரு. உங்க பைகிட்ட நிக்கிறாரு.”

அவள் அசையவில்லை. நான் அங்கே எப்படி வந்தேன் என்று கேட்கவில்லை. மாதக்கணக்காக மேஜை வழியாகப் பேசியவளிடம் நான் நேராகப் பேசிவிட்டேன் என்பதையும் காட்டிக்கொள்ளவில்லை. உதடு மட்டும் அசைகிற குரலில், “எப்படி இருக்காரு?” என்று கேட்டாள்.

நான் சொன்னேன். முதுகு பழுப்பு, ஆனால் சாதாரணப் பழுப்பு இல்லை, வெற்றுத் தேநீர் குடித்துக் குடித்துக் கறையேறிய பல்லின் நிறம் என்றேன். மார்பு சாம்பல். வாலுக்கு அடியில் துருப்பிடித்த மாதிரிச் சிவப்பு, வாலைத் தூக்கினால் மட்டும் தெரிகிறது. கால் நீளம், உடம்புக்குப் பொருந்தாத நீளம். கண் எப்படி என்று கேட்டாள். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், தூங்கி எழுந்த ஆள் கோபமாகப் பார்க்கிற மாதிரி என்றேன். அவள் முதுகு குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள்.

“எடுத்தியா?”

“இல்ல.”

“ஏன்?”

“சத்தம் கேட்டா நீங்க திரும்புவீங்க. அவரு போயிடுவாரு.”

இரண்டு போன்களும் மாறி மாறிச் செருமின. இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டாள். பையைச் சுற்றிச் சுற்றி வருகிறார், உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்து ஓரத்தைக் கொத்துகிறார், மூச்சு வாங்குகிறார், இறக்கை தொங்கிவிட்டது, ஆனாலும் விடமாட்டேன் என்கிறார் என்றேன்.

அக்கா திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்தாள். பையைத் தடவி, பக்கப் பையில் விரலை விட்டு, போனை நிறுத்தினாள். கை தெரிந்ததுமே மாமனார் சருகுக்குள் பாய்ந்து மறைந்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அவள் மெதுவாகத் திரும்பியபோது அங்கே நான்தான் மண்டியிட்டிருந்தேன், தலையெல்லாம் முள்ளும் சருகுமாக.

“இல்லாத ஆளோட எவ்வளவு நேரம்தான் சண்டை போடும், பாவம்” என்றாள்.

புதருக்கு அந்தப் பக்கத்தில் என் போன் இன்னும் ச்சு, ச்சு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யார் அது என்பது போல அக்கா அந்தப் பக்கம் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்த கணம் எனக்குத் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது. இரண்டு பேருமே கையும் களவுமாக அகப்பட்டவர்கள், யார் யாரைக் கேட்பது? ஓடிப்போய் அதை நிறுத்திவிட்டு வந்தேன். வரும்போது அவள் முக்காலியில் பாதி இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முக்காலி ஒரு ஆளுக்கே போதாது. உட்கார்ந்தேன்.

பெரணிக் குடிலைப் பற்றி அவள்தான் எடுத்தாள். நான் யாரிடம் சொன்னேன் என்று கேட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள், நமக்கு அந்தக் கூட்டை யார் காட்டியது என்று கேட்டாள்.

“தோட்டக்காரரு. நமக்கு மட்டும்தான் காட்டறேன்னாரு” என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. கழுத்தில் கேமரா மாட்டிய யார் வந்தாலும் அந்த மனுஷர் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார். அவருக்கு அந்தக் குருவியின்மேல் அவ்வளவு பெருமை. அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். நாங்கள் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, ஆனால் வீணாய்ப் போன மாதங்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன.

மாமனாரை நீங்கள் பார்க்காமலே போகிறீர்களே என்று நான்தான் அங்கலாய்த்தேன். கையை நீட்டாமல் மெதுவாகத் திரும்பியிருந்தால் ஒரு நொடியாவது பார்த்திருக்கலாம், இனி எப்போது வருவீர்களோ என்றேன். அதனால் என்ன, நீ சொன்னாயே என்றாள். அப்புறம் கேமராவை மடியில் வைத்து, அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

“இத்தனை நாள்ல நான் தனியா எங்கெங்கயோ போனேன். உப்பளத்துக்குப் போனேன், சதுப்புக்குப் போனேன். இதுவரைக்கும் பாக்காத பறவையெல்லாம் பாத்தேன். ஒண்ணுகூடப் பாத்த மாதிரியே இல்ல. பாத்தவுடனே பக்கத்துல திரும்புவேன். நீ இருக்க மாட்டே.”

கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது, அதை யாராலும் நிறுத்த முடியாது. இன்னும் கட்டாத பாத்திரங்கள் வீட்டில் கிடக்கின்றன, உச்சிவேளைக்குள் திரும்ப வேண்டும் என்று அவள் சொன்னாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. தூரத்தில் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டு, எங்களை விட்டுவிட்டுப் போனது.

அவள் மடியிலிருந்த கேமராவை எங்கள் இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்தேன்.

“நான் இல்லாதப்ப எடுத்ததெல்லாம் முதல்ல இருந்து காட்டுங்க” என்றேன்.